நடுத்திடலுக்கு உரியவன் யார்?

பள்ளிகளுக்கிடையிலான காற்பந்துப் போட்டி நெருங்கும்போது பள்ளித் திடலில் நடைபெறும் ஒரு காட்சியை ஆசிரிய அன்பர்கள் அனைவரும் அறிவர். இருபது முப்பது பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, பொறுப்பாசிரியர் இடம் பிரித்துக் கொடுக்கிறார். பருத்தவன் கோல் காவலுக்குப் போகிறான். உயரமும் வலிவும் உடையவர்கள் நடுவே நிற்கிறார்கள். விரைந்து ஓடுபவன் முன்வரிசைக்குச் செல்கிறான். எஞ்சி நிற்கும் சிறியவனை, “நீ அந்த ஓரத்தில் நில்” என்று கோட்டருகே அனுப்பிவிடுகிறார். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் வேலை இது. ஆயினும் அந்தப் பத்து நிமிடத்தில் கொடுக்கப்பட்ட இடம் ஒரு பிள்ளைக்கு ஐந்தாறு ஆண்டுகள் நிலைத்துவிடுவதுண்டு. சில பிள்ளைகள் அதனாலேயே ஆட்டத்தை விட்டு விலகிப் போவதும் உண்டு.

இத்தவற்றைச் செய்தவர்களில் இக்கட்டுரையை எழுதுபவனும் ஒருவன். ஒரு தமிழ்ப்பள்ளியின் காற்பந்துக் குழுவைக் கவனித்துக்கொண்டிருந்த காலத்தில், ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனை இடப்புறக் கோட்டோரம் நிறுத்தினேன். குழுவிலேயே மிகச் சிறியவன் அவன். ஆனால் சொன்ன இடத்தில் அவன் நிற்பதில்லை, நடுவே வந்துவிடுவான். “உன் இடத்துக்குப் போடா” என்று ஒவ்வோர் ஆட்டத்திலும் கத்துவேன். போவான், சற்று நேரத்தில் மீண்டும் வந்துவிடுவான். சொற்கேளாப் பிள்ளை என்றே எண்ணிக்கொண்டேன். பந்து அடுத்து எங்கே வரப்போகிறது என்பதை மற்றவர்களுக்கு முன்னரே அவன் கண்டுகொள்கிறான். கண்டதனால்தான் அங்கே போய் நிற்கிறான் என்பது எனக்கு அடுத்த ஆண்டில்தான், அதுவும் வேறோர் ஆசிரியர் எடுத்துச் சொன்ன பின்னர்தான், விளங்கியது.

நடுத்திடல் என்பது மற்ற இடங்களைப் போன்றதன்று. கோட்டோரம் நிற்பவனுக்கு ஒரு புறம் வெறும் கோடு. அங்கிருந்து யாரும் அவனைத் தாக்க முடியாது. அவன் பார்க்கவேண்டியது அரைவட்டமே. நடுவில் நிற்பவனுக்கோ முன்னும் பின்னும் இருமருங்கும் ஆட்கள். முழுவட்டத்தையும் அவன் பார்க்கவேண்டும். உயர்நிலை ஆட்டங்களில் ஒரு நடுத்திடல் ஆட்டக்காரர் தொண்ணூறு நிமிடத்தில் பத்து முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் வரை ஓடுகிறார். அவ்வளவு ஓட்டத்திலும் பந்து அவர் காலில் இருக்கும் நேரம் மொத்தத்தில் மிகச் சில நிமிடங்களே. மீதி நேரமெல்லாம் இடம் பார்த்து நிற்பதும், நகர்வதும், காத்திருப்பதும்தான். ஆகவே அங்கே யாரை நிறுத்துவது என்பதற்கு விடை, பந்து காலில் இல்லாத நேரத்தில் அந்தப் பிள்ளை என்ன செய்கிறான் என்பதில் இருக்கிறது. நாமோ பந்து காலில் இருக்கும்போது மட்டுமே பிள்ளைகளைப் பார்க்கிறோம்.

எண்கள் வந்த வழி

பயிற்றுநர்கள் ‘ஆறு’, ‘எட்டு’, ‘பத்து’ என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். அவ்வெண்கள் நடுத்திடலின் மூன்று பணிகளைக் குறிக்கின்றன. அவை வந்த கதை சற்றுச் சுவையானது.

தொடக்கக் காலத்தில் குழுக்கள் பின்னால் இருவர், இடையில் மூவர், முன்னால் ஐவர் என்று நின்றன. இடையில் நின்ற மூவரும் ‘ஹாஃப் பேக்’ எனப்பட்டனர். அம்மூவரில் நடுவில் நின்ற ‘சென்டர் ஹாஃப்’ குழுவின் உயிர்நாடி. பறிப்பதும் அவரே, பரிமாறுவதும் அவரே. 1925ஆம் ஆண்டில் ஆஃப்சைடு விதி மாறியது. அதுவரை முன்னே நிற்பவனுக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிராளிகள் மூவர் இருக்கவேண்டும் என்றிருந்தது. அதன்பின் இருவர் இருந்தால் போதும் என்றாயிற்று. கோல்கள் மழையாய்ப் பொழிந்தன. அதைத் தடுக்க, சென்டர் ஹாஃபை இரண்டு பேக்குகளுக்கும் நடுவே பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். இம்முறையைச் செம்மைப்படுத்தி வெற்றி கண்டவர் அர்சனல் கழகத்தின் ஹெர்பர்ட் சாப்மன். நடுவில் எஞ்சியவர்கள் நால்வர்: பக்கத்து ஹாஃப் பேக்குகள் இருவர், முன்வரிசையிலிருந்து சற்றுப் பின்வாங்கிய உள் முன்னணியர் இருவர். முன்னவர்க்கு 4, 6. பின்னவர்க்கு 8, 10 என்பன சட்டை எண்கள்.

1953ஆம் ஆண்டு நவம்பரில் ஹங்கேரி, வெம்பிளி திடலில் இங்கிலாந்தை 6–3 எனத் தோற்கடித்தது. ஒன்பதாம் எண் அணிந்த நாண்டோர் ஹிடெகுட்டி முன்னே நிற்காமல் நடுத்திடலுக்கு இறங்கி வந்துவிட்டார். அவரைக் காக்கவேண்டிய இங்கிலாந்தின் சென்டர் ஹாஃபுக்குப் பின்தொடர்ந்து போவதா, தம் இடத்திலேயே நிற்பதா என்று தெரியவில்லை. ஹிடெகுட்டி மூன்று கோல் அடித்தார். சட்டையிலுள்ள எண் ஆளைக் கட்டாது என்பதை உலகம் அன்று கண்டது. இன்றும் ஆறாம் எண்ணின் வேலையை அர்ஜென்டினாவில் ஐந்து என்கிறார்கள். பார்சலோனாவில் நான்கு என்பார்கள். எண்ணில் ஒன்றுமில்லை, பணியில்தான் எல்லாம்.

தற்காப்புக்கு முன்னால் நின்று, எதிராளியின் வழியை அடைத்து, பந்தைப் பெற்று முதல் அடியை எடுத்துவைப்பவன் ஆறு. இரு கோலுக்கும் இடையே ஓடி, தற்காப்புக்கும் தாக்குதலுக்கும் பாலமாக இருப்பவன் எட்டு. எதிராளியின் தற்காப்புக்கும் நடுவரிசைக்கும் இடைப்பட்ட இடுக்கில் பந்தைப் பெற்று, கோலுக்கு வழி திறப்பவன் பத்து. இவ்வளவு தெரிந்தால் போதும்.

பத்தாம் இடத்திலிருந்து இறங்கி வந்தவர்

இத்தாலியின் ஆந்திரேயா பிர்லோ பிறந்தது 1979ஆம் ஆண்டு மே மாதத்தில். பதினாறு வயதிலேயே பிரேஷியா கழகத்துக்காக இத்தாலியின் முதல்நிலை லீக்கில் களம் இறங்கினார். பத்தாம் எண்ணின் பணிக்கென்றே பிறந்தவர் என்று எல்லாரும் கருதினர். 1998இல் இன்டர் மிலான் கழகம் அவரை வாங்கிற்று. அங்கே அவருக்கு நிலையான இடம் கிடைக்கவில்லை. நுட்பம் உண்டு; வேகமில்லை. பத்தாம் இடத்திலோ, முதுகுப்புறம் எதிராளி நெருக்கிக்கொண்டே நிற்பான். திரும்புவதற்கு நொடி நேரம்கூடக் கிடைக்காது. ரெஜினா கழகத்துக்கு இரவலாய்ப் போனார், திரும்பினார், 2001ஆம் ஆண்டு தொடக்கத்தில் மீண்டும் இரவலாய்ப் பிரேஷியாவுக்கே போனார்.

பிரேஷியாவின் பயிற்றுநர் கார்லோ மஸ்ஸோனே. அவருக்கு ஒரு சங்கடம். பத்தாம் இடத்தில் ரொபெர்த்தோ பாஜ்ஜோ இருந்தார். பாஜ்ஜோவை எடுத்துவிட்டு வேறொருவரை அங்கே நிறுத்துவது நடவாத காரியம். எனவே பிர்லோவைத் தற்காப்புக்கு முன்னால், முப்பது மீட்டர் பின்னே கொண்டுவந்து நிறுத்தினார். அங்கே நின்றதும் ஆட்டம் முழுவதும் பிர்லோவின் கண்ணெதிரே விரிந்தது. பந்தைப் பெறும்போது எதிராளி தொலைவில் இருந்தான். வேகமின்மை என்ற குறை அங்கே குறையாகத் தெரியவில்லை. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், யுவெண்டஸ் கழகத்துக்கு எதிரான ஆட்டத்தில், பின்னாலிருந்து அவர் தூக்கி அனுப்பிய நெடும்பந்தைப் பாஜ்ஜோ ஒரே தொடுதலில் கோல் காவலரைக் கடத்தி உள்ளே தள்ளினார். அந்த ஆட்டம் 1–1 என முடிந்தது.

அதே ஆண்டில் இன்டர் அவரை ஏ.சி. மிலானுக்குக் கொடுத்துவிட்டது. அப்போது அவருக்கு 22 வயது. அங்கே கார்லோ அஞ்செலோட்டி அவரைப் பின்னிருந்தே ஆட்டத்தை நடத்தவிட்டார். 2003, 2007 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பியக் கழகங்களின் தலைமைக் கிண்ணம், 2006இல் இத்தாலிக்கு உலகக் கிண்ணம் எனப் பின்னர் நடந்தவை பலரும் அறிந்தவையே.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். மிலானில் பிர்லோவுக்குப் பக்கத்தில் கென்னாரோ கட்டூஸோ என்ற ஓயாத உழைப்பாளி இருந்தார். பந்தைப் பறிக்கும் வேலையில் பெரும்பங்கை அவர் ஏற்றார். கட்டூஸோ இல்லாமல் பிர்லோவை அங்கே நிறுத்தியிருந்தால் மஸ்ஸோனேயின் கண்டுபிடிப்பு இவ்வளவு நிலைத்திருக்குமா என்பது ஐயம். ஒரு பிள்ளைக்கு ஏற்ற பணி எது என்று கேட்கும்போது, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதையும் சேர்த்தே கேட்கவேண்டும். நம் பள்ளிக் குழுக்களில் இக்கேள்வி எழுவதேயில்லை.

பிர்லோ முன்னிருந்து பின்னே வந்தார். ஜெர்மனியின் பாஸ்டியன் ஷ்வைன்ஸ்டைகர் ஓரத்திலிருந்து நடுவே வந்தவர். பயர்ன் மியூனிக் கழகத்தில் 2002ஆம் ஆண்டு தொடங்கிப் பல ஆண்டுகள் ஓர ஆட்டக்காரராகவே இருந்தார். நல்லவர்தாம், ஆனால் மிகப் பெரியவர் ஆவார் என்று எவரும் சொல்லவில்லை. 2009இல் பயிற்றுநராக வந்த லூயி வான் கால், அவரை நடுத்திடலுக்குக் கொணர்ந்தார். அப்போது வயது 25. அடுத்த ஆண்டே உலகக் கிண்ணப் போட்டியில் ஜெர்மனியின் நடுத்திடலை அவர் ஆண்டார்; 2014இல் கிண்ணமே வென்றார். ஓரத்தில் கழிந்த ஆண்டுகள் வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. அரைவட்டத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, முழுவட்டம் பின்னர் எளிதாயிருக்கும். சிறியவனை ஓரத்தில் நிறுத்துவது தவறன்று. அங்கேயே விட்டுவிடுவதுதான் தவறு.

ஸ்பெயினின் பெப் குவார்டியோலாவைப் பற்றியும் இதுபோன்ற ஒரு செய்தி சொல்லப்படுவதுண்டு. பார்சலோனாவின் இளையோர் ஆட்டமொன்றில் வலப்புறம் ஆடிக்கொண்டிருந்த ஒல்லிப் பையனைக் கண்ட யோஹான் க்ரைஃப், இரண்டாம் பாதியில் அவனை நடுவுக்கு மாற்றச் சொன்னாராம். அந்தப் பையனே பின்னாளில் பயிற்றுநராகி, கழகத்தின் இரண்டாம் குழுவில் ஆடிய, உயரமான, ஒல்லியான, விரைவில்லாத செர்ஹியோ புஸ்கெட்ஸை 2008இல் முதற்குழுவுக்கு உயர்த்தி, ஆறாம் எண்ணின் பணியைக் கொடுத்தார். இரண்டே ஆண்டில் புஸ்கெட்ஸ் உலகக் கிண்ணம் வென்ற குழுவில் இருந்தார். அவர் பக்கத்தில் ஆடிய சாவியின் உயரமும் இனியெஸ்தாவின் உயரமும் ஏறத்தாழ 170 சென்டிமீட்டர். நம் ஊரில் பலருடைய உயரமும் அதுதான்.

எதைப் பார்த்துத் தேர்வது?

நார்வே நாட்டு ஆய்வாளர் கெய்ர் யோர்டெட், இங்கிலாந்தின் பிரிமியர் லீக்கில் ஆடிய 118 ஆட்டக்காரர்களைப் படக்கருவியால் தொடர்ந்து கவனித்து, 2013இல் ஒரு முடிவை வெளியிட்டார். பந்து தம்மிடம் வருமுன் தலையைத் திருப்பிச் சுற்றுமுற்றும் பார்ப்பவர்கள், பார்க்காதவர்களைவிடப் பந்தைச் சரியாகக் கொடுக்கிறார்கள் என்பதே அது. மிகுதியாகப் பார்த்தவர்களில் ஒருவரான பிராங்க் லாம்பார்ட், ஐந்து நொடிக்கு மூன்று முறை வீதம் தலையைத் திருப்பினார். வெறுமனே தலையை ஆட்டினால் லாம்பார்ட் ஆகிவிடலாம் என்று பொருளில்லை. பார்த்ததை மனத்தில் வாங்கிக்கொள்ளவும் வேண்டும். ஆயினும் பள்ளி ஆசிரியர் கையில் கிடைக்கும் அளவுகோல்களில் இதைப்போல் எளியது வேறில்லை. படக்கருவி வேண்டா, காசும் வேண்டா. பந்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, ஒரே ஒரு பிள்ளையை ஐந்து நிமிடம் பாருங்கள். பந்து வருமுன் அவன் எத்தனை முறை பின்னால் பார்த்தான் என்று எண்ணுங்கள்.

இரண்டாவதாக, பந்தைப் பெறும்போது உடல் எப்படி நிற்கிறது என்று பார்க்கவேண்டும். சில பிள்ளைகள் பந்துக்கு நேரே நெஞ்சைக் காட்டி நிற்பார்கள்; வந்த வழியே திருப்பி அனுப்புவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இராது. சிலர் பக்கவாட்டில் நின்று, தொலைவிலுள்ள காலால் பந்தைத் தாங்குவார்கள். முதல் தொடுதலிலேயே அவர்கள் முன்னோக்கித் திரும்பிவிடுகிறார்கள். இது கற்பிக்கக்கூடியது. நான்கு பேரை நான்கு மூலையில் நிறுத்தி, நடுவில் ஒருவனை விட்டு, பந்தை அனுப்பும் நேரத்தில் அவன் பின்னால் நிற்பவன் ஒரு வண்ணத்துணியைத் தூக்கிக் காட்ட, பெறுபவன் அவ்வண்ணத்தைச் சொல்லிக்கொண்டே பந்தை வாங்கவேண்டும் என்று ஆடவிட்டுப் பாருங்கள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கற்பார்கள்.

மூன்றாவது, இழந்த பின் என்ன செய்கிறான் என்பது. பந்தை இழந்தவுடன் இடுப்பில் கைவைத்து நிற்பவன் இருக்கிறான். இரண்டடி பின்னோடி வழியை அடைப்பவன் இருக்கிறான். முன்னவனைத் திட்டிப் பயனில்லை. பின்னவனை யாரும் பாராட்டுவதில்லை.

வளர்ச்சி செய்யும் மாயம்

ஆண்பிள்ளைகள் பெரும்பாலும் 14 வயதையொட்டி மிக விரைவாக வளர்கிறார்கள். பெண்பிள்ளைகளுக்கு இது ஏறத்தாழ ஈராண்டு முந்திவிடும். ஆனால் இது சராசரிக் கணக்கே. பதின்மூன்று வயதுக் குழுவில் உள்ள இரு சிறுவர்களின் உடல் வளர்ச்சிக்கிடையே மூன்று நான்கு ஆண்டு வேறுபாடும் இருக்கலாம். இதற்கு மேல், வயதுக் குழு ஜனவரியில் தொடங்குவதால், ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே குழுவில் நிற்கிறார்கள். பத்து வயதில் பதினொரு மாதம் என்பது வாழ்நாளில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. இளையோர் குழுக்களில் ஆண்டின் முற்பகுதியில் பிறந்தவர்களே மிகுதியாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகளும் காட்டியுள்ளன. கால்வலிமை முதல் காலாண்டில் மட்டும் பிறப்பதில்லை அல்லவா?

நடுத்திடலில் இது செய்யும் கேடு இருவகை. முன்னதாக வளர்ந்தவனை ஆறாம் இடத்தில் நிறுத்துகிறோம். அவன் தோளால் இடித்தே பந்தைப் பறித்துவிடுகிறான். கிண்ணமும் வாங்கித் தருகிறான். சுற்றிப் பார்க்கவேண்டிய தேவை அவனுக்கு நேருவதேயில்லை. பதினேழு வயதில் மற்றவர்களும் வளர்ந்து சமமாகிறார்கள். அப்போது அவன் கையிலிருந்த ஒரே கருவி போய்விடுகிறது. பின்னதாக வளர்பவனோ, இடிபட்டால் விழுந்துவிடுவோம் என்று தெரிந்து, இடிபடாமல் ஆடக் கற்றுக்கொள்கிறான், முன்கூட்டிப் பார்க்கிறான். ஆனால் அவன் பதினேழு வயதுவரை குழுவில் இருந்தால்தானே? பன்னிரண்டு, பதின்மூன்று வயதில், அதாவது வேறுபாடு மிக விரிந்து நிற்கும் வயதில், நாம் அவனைக் கழித்துவிடுகிறோம். இங்கிலாந்தில் சில கழகங்கள் பிறந்த ஆண்டைப் பாராமல், உடல் வளர்ச்சியின் அளவைக்கொண்டு பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்துச் சில ஆட்டங்கள் நடத்திப் பார்த்தன. முன்வளர்ச்சியுடையவர் அங்கே முதன்முறையாகத் திணறினர். அத்திணறல் அவர்களுக்கு நல்லது.

விரைந்து வளரும் அந்த ஓராண்டில் பிள்ளைக்குக் கால்கள் அன்னியமாகிவிடும். நேற்றுச் சரியாய் வந்த தொடுதல் இன்று வராது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முனையில் வலி என்று சொல்வான். சோம்பல் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் எட்டாம் எண்ணின் ஓயாத ஓட்டத்தைக் குறைத்து, வேறு பணிக்கு மாற்றிவைக்கலாம். வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

எந்த வயதில் எந்தப் பணி?

பத்து வயதுக்குக் கீழே நடுத்திடல் என்ற சொல்லே வேண்டா என்பது என் எண்ணம். இங்கிலாந்தின் காற்பந்துச் சங்கம் 2012இல் எடுத்த முடிவின்படி, ஏழெட்டு வயதினர் ஐவர் ஐவராகவும், ஒன்பது பத்து வயதினர் எழுவர் எழுவராகவும், அதற்கு மேல் பன்னிரண்டு வயதுவரை ஒன்பதின்மராகவும் சிறு திடலில் ஆடும் முறை வகுக்கப்பட்டது. சிறு திடலில் ஒவ்வொருவரும் நடுவில்தான் நிற்கிறார்கள். பெரிய திடலில் இருபத்திரண்டு குழந்தைகளை விட்டால் நால்வர் ஆடுவார்கள். மற்றவர்கள் தும்பி பிடிப்பார்கள்.

அதற்கு மேல், மூன்று பணிகளும் மூன்று பள்ளிகள் போன்றவை. எட்டாம் இடம்தான் இளையோருக்குச் சிறந்த பள்ளி என்று நான் கருதுகிறேன். பறிக்கவும் வேண்டும், கொடுக்கவும் வேண்டும், கோலுக்கும் போகவேண்டும். எதையும் ஒளித்துவைக்க முடியாது. பத்தாம் இடம் நெருக்கடியில் பந்தை வாங்கும் துணிவைக் கற்பிக்கிறது; ஆனால் கைதட்டல் அதிகம் கிடைக்கும் இடம். எப்போதும் அங்கேயே நிற்கும் பையன் பின்னே ஓடுவதை மறந்துவிடுவான். ஆறாம் இடமோ கொடியது. அங்கே ஒரு தவறு நேர்ந்தால் அது நேரே கோலாகிவிடும். திடலுக்கு வெளியே நிற்பவர்கள் கத்துவார்கள். இரண்டு முறை அப்படிக் கத்தினால், மூன்றாம் முறை பிள்ளை பந்தைப் பெறாமலேயே ஓங்கி உதைத்துவிடுவான். அத்துடன் அவன் கற்றலும் நின்றுவிடும். எனவே ஆறாம் இடத்தில் ஒருவனை நிறுத்தும் ஆசிரியர் முதலில் தம் நாவைக் கட்டவேண்டும்.

பதின்மூன்று முதல் பதினைந்து வயதுவரை மூன்றிலும் மாற்றி மாற்றி ஆடட்டும். ஒரே ஆட்டத்தில் நான்கு முறை மாற்றக்கூடாது, குழப்பமே மிஞ்சும். நாலைந்து வாரம் ஒன்றில் இருந்தால்தான் அதன் சுவை தெரியும். பதினாறு பதினேழில் ஓரளவு நிலைக்கட்டும். அதன் பின்னும் கதவை அடைத்துவிட வேண்டா. 2010இல் தென்கிழக்காசியக் கிண்ணத்தை வென்ற கே. ராஜகோபாலின் மலேசியக் குழுவில் ஓர ஆட்டக்காரராய் ஓடிய எஸ். குணாளன், பிற்காலத்தில் வலப்புறத் தற்காப்பாளராகவும் ஆடினார்.

இதற்கெல்லாம் விலை உண்டு. பிள்ளைகளை மாற்றி மாற்றி ஆடவைத்தால் சில ஆட்டங்களில் தோற்கவேண்டியிருக்கும். தலைமையாசிரியர் கிண்ணத்தைக் கேட்பார். பெற்றோர், “எங்கள் பையன் கோல் அடிக்கிறவன், அவனைப் பின்னால் நிறுத்தினால் எப்படி, சார்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விகளே. தொடக்கத்திலேயே அவர்களை அழைத்து, இந்தப் பருவத்தில் இன்னின்ன பணி, இன்ன காரணத்தால் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுவது நல்லது. முதல் தோல்விக்குப் பின் சொன்னால் அது சாக்குப்போக்காகவே ஒலிக்கும்.

முதலில் சொன்ன சிறுவனை அடுத்த ஆண்டு அந்த ஆசிரியர் ஆறாம் இடத்தில் நிறுத்தினார். எனக்கு உடன்பாடில்லை, வேடிக்கை பார்த்து நின்றேன். முதல் ஆட்டத்தில் பின்னாலிருந்து வந்தவனிடம் இருமுறை பந்தை இழந்தான், இரண்டும் கோலாயின. இடைவேளையில் ஆசிரியர் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “பந்து வர்றதுக்கு முன்னாடி பின்னால பார்த்தியா?” “பார்க்கல, சார்,” என்றான். வேறு எதுவும் அவர் சொல்லவில்லை, இடத்தையும் மாற்றவில்லை. இரண்டாம் பாதியில் நான் பந்தைப் பாராமல் அவன் தலையையே எண்ணிக்கொண்டிருந்தேன். இருபதுக்கு மேல் எண்ணிக்கை தவறிவிட்டது. அன்று நாங்கள் 2–1 எனத் தோற்றோம்.